பர்ப்பிள் மூன்: தோற்றது யார்?

ராக்கெட் மொவாடோ எட்டாம் வகுப்புச் சிறுமி. செம்பட்டை முடி. புதிய பள்ளிக்கூடத்தில் முதல் நாள். வாசலில் யாரோ ஏதோ சொல்கிறார்கள், திரை அப்படியே நின்றுவிடுகிறது. ராக்கெட்டின் மனநிலை மூன்று விதமாக நம் முன் விரிகிறது. அவள் துணிந்து பேசலாம், ஒதுங்கிப் போகலாம், எரிச்சல்படலாம். ஒன்றைச் சொடுக்கினால் கதை அந்த வழியில் நகர்கிறது. சுடுவதற்கு யாரும் இல்லை. மதிப்பெண் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. சலிப்பாக இருந்தால் வகுப்புத் தோழிகளின் லாக்கர்களைத் திறந்து, அவர்கள் ஒளித்து வைத்திருப்பதைப் பார்க்கலாம். பள்ளியையே ஆட்டிப் படைக்கும் நிக்கோலின் லாக்கரும் அதில் உண்டு.

‘ராக்கெட்ஸ் நியூ ஸ்கூல்’ என்ற இந்தக் கணினி விளையாட்டை 1997இல் வெளியிட்டது பர்ப்பிள் மூன் என்ற கலிஃபோர்னிய நிறுவனம். தொடங்கிய ஆண்டு 1996, மூடிய ஆண்டு 1999. மூன்றே வருட ஆயுள். ‘பெண் பிள்ளைகளுக்கான விளையாட்டு’ என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், எச்சரிக்கைக் கதைபோல இதன் பெயரைச் சொல்வார்கள். எதைப் பற்றிய எச்சரிக்கை என்பதில்தான் எனக்கு வழக்கு.

நிறுவனர்களில் முதன்மையானவர் பிரெண்டா லாரல். நாடகத் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர், அடாரியில் வேலை பார்த்தவர். கணினியை நாடக மேடையாகப் பார்த்து 1991இல் ஒரு நூல் எழுதியவர். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனின் பணத்தில் நடந்த இன்டர்வல் ரிசர்ச் என்ற ஆய்வகத்தில் 1992 முதல் அவர் ஒரு கேள்வியைத் துரத்தினார்: பெண் பிள்ளைகள் ஏன் கணினி விளையாட்டுப் பக்கம் வருவதில்லை? அமெரிக்கா முழுக்க ஏறத்தாழ 1,100 சிறுவர் சிறுமியரிடம் பேசினார்கள். வன்முறை பிடிக்காததால் பெண்கள் விலகுகிறார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்த பதில் வேறு. அந்த விளையாட்டுகள் அவர்களுக்கு அலுப்பூட்டின. பாத்திரங்களிடம் சுவாரசியமாக ஒன்றுமில்லை, கதை இல்லை, செத்துச் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவது நேர விரயம்.

எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. ‘மென்மையானவர்கள், அதனால் ஒதுங்கினார்கள்’ என்பதற்கும் ‘தரம் போதவில்லை, அதனால் ஒதுக்கினார்கள்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவதைச் சொல்கிறவள் விமர்சகி.

அந்த விமர்சகியின் குரலை நிறுவனம் எப்படிக் கேட்டது என்பதில்தான் சிக்கல். ஆய்வு எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன், இளஞ்சிவப்புப் பெட்டியில் போட்டு விற்கச் சொன்னாலும் சரி என்று லாரல் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். பெண்ணியவாதிகள் பலருக்கு இது உறுத்தியது. பன்னிரண்டு வயதுச் சிறுமியிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால், பன்னிரண்டு வருடம் அவளை வளர்த்த சமூகமும் சேர்ந்தே பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பொட்டலம் கட்டி அவளிடமே விற்றால், கூண்டுக்கு இன்னொரு கம்பி போட்டதாகாதா? ஜஸ்டின் காசலும் ஹென்றி ஜென்கின்ஸும் தொகுத்து 1998இல் வந்த ‘ஃப்ரம் பார்பி டு மார்ட்டல் காம்பாட்’ நூலில் இந்தச் சண்டை அப்படியே பதிவாகியிருக்கிறது. ‘குவேக்’ போன்ற சுடும் விளையாட்டுகளை ஆடிய பெண்களும் அதில் பேசுகிறார்கள். எங்களுக்கென்று தனியாக ஒன்றும் வேண்டாம், இருப்பதை ஆட இடம் விடுங்கள் என்பது அவர்கள் கட்சி.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. ராக்கெட் தொடரில் எனக்கு நெருடலானது நிறமோ பூவோ அல்ல. அடுத்தவர் மனத்தைப் படித்து, அதற்கேற்பத் தன் முகத்தைத் திருத்திக்கொள்வதே அங்கே ஆட்டம். வாழ்நாள் முழுக்கப் பெண்கள் கூலியில்லாமல் செய்யும் உணர்வு உழைப்புக்கு அது ஒரு பயிற்சிக்கூடம். ஆனால் அந்த உழைப்பை உழைப்பென்று திரையில் நிறுத்திக் காட்டிய விளையாட்டு அதற்கு முன் எத்தனை இருந்தன? பள்ளி வராந்தாவின் அதிகாரப் படிநிலை, யார் யாரோடு உட்காரலாம் என்ற அரசியல், அழைப்பிதழ் வராத வலி எல்லாம் ‘சின்ன விஷயம்’ என்று தள்ளப்பட்டவை. நிக்கோலின் லாக்கரை எட்டிப் பார்க்கிற சிறுமிக்கு, தன்னை மிரட்டுகிறவளும் எதையோ மறைத்து வைத்திருக்கிறாள் என்று தெரிகிறது. பார்பியிடம் இந்த அறிவு கிடைக்காது.

பார்பியைப் பேசாமல் இந்தக் கதை முடியாது. 1996இல் மேட்டல் வெளியிட்ட ‘பார்பி ஃபேஷன் டிசைனர்’ இரண்டே மாதத்தில் ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. உடையைத் திரையில் வடிவமைத்து, துணி ஒட்டிய தாளில் அச்சடித்து, பொம்மைக்கு மாட்டலாம். பெண் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று முதலீட்டாளர்களுக்கு நிரூபித்தது அதுதான். அந்த அலையில்தான் பர்ப்பிள் மூனும் கடைக்கு வந்தது, அதே அலமாரியில் அதே பொம்மையோடு இடத்துக்கு மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது. ஒரு பக்கம் பல பத்தாண்டு வயதான பொம்மைப் பேரரசு, மறுபக்கம் யாரும் கேள்விப்படாத ராக்கெட்.

1999 பிப்ரவரியில் முதலீட்டாளர்கள் கையை விரித்தார்கள். நிறுவனம் மூடப்பட்டது. அடுத்த மாதமே அதை வாங்கிக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? மேட்டல்தான்.

பிறகு தீர்ப்பு எழுதினார்கள்: பெண்கள் கணினி விளையாட்டுக்கான சந்தை இல்லை. 2000ஆம் ஆண்டில் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் மூடியது. ‘தீஃப்’ போன்ற புகழ்பெற்ற விளையாட்டுகளைச் செய்த நிறுவனம் அது. ஆண்களுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை என்று அப்போது ஒருவரும் எழுதவில்லை. பர்ப்பிள் மூனை வாங்கிய அதே 1999இல் மேட்டல் 350 கோடி டாலருக்கு மேல் விலை வைத்து ‘தி லேர்னிங் கம்பெனி’யையும் வாங்கி, பெரும் நஷ்டத்தில் மாட்டி, அடுத்த ஆண்டே கைகழுவியது. அதைத் தவறான வணிக முடிவு என்றுதான் சொன்னார்கள், யாருடைய பாலினத்தையும் இழுக்கவில்லை. ஆண்கள் தோற்றால் நிர்வாகம் தோற்கிறது. பெண்களுக்கென்று ஒன்று செய்து தோற்றால், ‘பெண்’ என்ற வகையே தோற்றதாகக் கணக்கு.

லாரல் 2001இல் தன் அனுபவத்தை ‘யுடோப்பியன் ஆண்ட்ரப்ரனூர்’ என்ற சிறு நூலாக எழுதினார். சந்தைக்குள் நின்றுகொண்டே நல்லதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையை அதில் அவர் கைவிடவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த 1,100 பேரிடம் உட்கார்ந்து காது கொடுத்தவர் அவர்தான், தூய்மையான கோட்பாட்டோடு தள்ளி நின்றவர்கள் அல்லர்.

அந்த சிடி-ராம்கள் இன்றைய கணினிகளில் நேரடியாக ஓடுவதில்லை. பழைய விண்டோஸைப் போலச் செய்து காட்டும் மென்பொருள் வழியாக, அன்று சிறுமிகளாக இருந்த பெண்கள் சிலர் அவற்றை மறுபடி ஆடிப் பார்க்கிறார்கள்.

பர்ப்பிள் மூன் செய்தவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1998இல் வந்த ‘ஸ்டார்ஃபயர் சாக்கர் சேலஞ்ச்’, சிறுமிகளின் கால்பந்து அணியைப் பற்றியது. நிறுவனம் மூடி ஐந்து மாதம் கழித்து, 1999 ஜூலை 10 அன்று, அதே கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதி ஆட்டம் நடந்தது. பார்க்க வந்தவர்கள் 90,185 பேர்.