பாலையாவின் மெய்ப்பாட்டுத் திறன்

தமிழ் நாடகத்தின் வரலாற்றையும் திரைப்படத்தின் வரலாற்றையும் எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைமை நடிகரையும் பாடல் வல்லாரையும் கொண்டே காலத்தைப் பகுத்துவிடுகின்றனர். துணைநடிகர் பெயர் பட்டியலின் கடைசியில் நிற்கும். டி. எஸ். பாலையா அவர்களின் கலைவாழ்வை நோக்குமிடத்து இம்முறை எத்துணைக் குறையுடையது என்பது புலனாகும்.

நாடக மேடையில் பயின்ற அவர், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வாயிலாக 1936-இல் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் வெளிவந்த 'அம்பிகாபதி'யில் தியாகராஜ பாகவதருக்கு எதிராக ருத்திரசேனனாக நின்றார். தமிழில் பேசும்படம் தோன்றி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. பாட்டே படம் என்றிருந்த காலம் அது. பாட்டின் துணையின்றிப் பேச்சினாலேயே அவை கவரவேண்டிய நிலை எதிர்நாயகனுடையது. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பேசும் மேடை மரபு ஈண்டு அவருக்குக் கைகொடுத்தது. அம்மரபே சிற்சில இடங்களில் மிகையாய்ப் புலப்படுதலையும் நாம் மறைப்பதற்கில்லை.

'வேலைக்காரி' (1949), 'தூக்குத் தூக்கி' (1954), 'மதுரை வீரன்' (1956) எனப் படங்கள் பெருகின. ஆயினும் அவருடைய தனித்திறன் பேச்சில் அன்று, கேட்பதில் உள்ளது என்பதே எம் கருத்து.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், படம் பிடிக்கப் பணம் வேண்டும் மகன், தந்தைக்குத் திகில் கதையொன்றைச் சொல்லிக் காட்டுகின்றான். மகனாக வரும் நாகேஷின் திறனை வியவாதார் இலர். எனினும், எதிரே அமர்ந்திருப்பவர் அஞ்சாவிடின் அக்காட்சி என்னாகும்? பாலையாவின் கண்ணும் வாயும் தோளும் கதையின் ஒவ்வொரு திருப்பத்திற்கும் அசைகின்றன. நகைக்கு நிலைக்களனாகப் பேதைமையையும் ஓதினார் தொல்காப்பியர். ஈண்டுக் கேட்போன் உறுவது அச்சம். காண்போர் உறுவது நகை. தாம் நகைப்பூட்டுவதைத் தாமே அறியாதார் போன்று பாலையா அமர்ந்திருத்தலே இவ்விரண்டையும் பிணைக்கின்றது. அவர் ஒருகால் அவையை நோக்கிக் கண்சிமிட்டியிருப்பின் அனைத்தும் கெட்டிருக்கும்.

'திருவிளையாடல்' (1965) மறுதலையான சான்று தருகின்றது. விறகு விற்ற படலத்து ஏமநாதனாக வரும் அவர், அவையில் பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைக்கின்றார். அங்கே செருக்கு நன்கு அமைந்துள்ளது. ஆனால் இசை அவருடையதன்று. பின்னர் விறகு விற்பவனின் பாட்டைக் கேட்குமிடத்தில் அவருக்குப் பாட்டில்லை, பேச்சும் மிகுதியில்லை. தருக்கு மருட்கையாகி, மருட்கை அச்சமாகி, முகம் படிப்படியே ஒடுங்குகின்றது. பரஞ்சோதி முனிவரின் புராணம் பயின்றார்க்கு ஏமநாதன் ஊரைவிட்டு ஓடுவான் என்பது முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அம்முகத்தையே நோக்கியிருக்கின்றோம்.