மூல ஓலை யாரிடம்?

பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடித்துவிட்டால் என்ன? பஸ் அலைச்சல் இல்லை, நீட் படிக்க நேரம் மிச்சம் என்கிறார்கள். வாதம் பொய்யில்லை. ஆனால் திருநாவலூர்க் குடும்பம் ஒன்று இதில் இறங்கினால் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் கேள்வி.

சுந்தரர் பிறந்த ஊர் இது. ‘நீ என் அடிமை’ என்று ஓலை காட்டிய முதியவரின் படியோலையை (நகலை) அவர் கிழித்த பிறகும், திருவெண்ணெய்நல்லூர் அவையில் வழக்கை வென்றது அந்த முதியவரின் மூல ஓலை. ஆன்லைன் பள்ளியிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்: தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது யார்? செயலியில் பாடம் எடுக்கும் நிறுவனம் தேர்வு வாரியம் ஆகிவிடாது. 1989-இல் மத்திய அரசு அமைத்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வாரியம்தான். ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. உடல்நலத்தாலோ வேலையாலோ படிப்பு நின்றுபோன பிள்ளைக்கு இதைவிட நல்ல கதவு இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ கணக்கு வேறு. 6 முதல் 12 வரை அங்கே படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் எனத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அப்படிச் சேருவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். இடையில் ஆன்லைனுக்கு மாறினால் அந்த ‘12 வரை’ அறுந்துபோகும். நீட்டுக்காக நேரத்தை மிச்சம் பிடிக்கப்போய் நீட் ஒதுக்கீட்டையே இழப்பது என்ன கணக்கோ!

அடுத்தது ஆய்வகம். பியூரெட்டிலிருந்து பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, குடுவையில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்த கணத்தில் திருகை மூட வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் ரீடிங் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்தக் கைப்பழக்கம் வீடியோவில் வராது. மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 20 செய்முறைக்கு. திறந்தநிலையிலும் செய்முறை உண்டுதான். ஆனால் தினமும் எட்டும் தூரத்தில் ஆய்வகம் இருக்காது.

திருநாவலூர் இருக்கும் இந்த மாவட்டம் ஆன்லைன் வகுப்பை ஒருமுறை பார்த்தும்விட்டது. 2022 ஜூலைக் கலவரத்தில் கனியாமூர் தனியார் பள்ளி சூறையாடப்பட்டபின் அதன் மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்தது. பெற்றோர் கேட்டது நேரடி வகுப்பை. டிசம்பரில் உயர் நீதிமன்ற அனுமதியோடு 9 முதல் 12 வரை முதலில் திறந்தார்கள். வேறு வழியின்றி வந்த ஆன்லைனும் விரும்பித் தேர்ந்த ஆன்லைனும் ஒன்றல்ல. ஆகவே அதை முழுச் சான்றாகக் கொள்ளமாட்டேன்.

தனியார் பள்ளியில் படித்துவரும் பிள்ளைக்கு அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு எப்படியும் இல்லை. அங்கே யோசிக்க இடமுண்டு. மற்றவர்கள் டி.சி. கேட்டு மனு எழுதுமுன் பிள்ளை 6-ஆம் வகுப்பிலிருந்து எங்கே படித்தது என்று பாருங்கள். அரசுப் பள்ளி என்றால், மனுவை எழுதவே வேண்டாம்.