ஸ்பார்க்லாஞ்சர்: கையில் இருப்பது கடிவாளமா?

வெப் அப்ளிகேஷனில் ஒரு பட்டனைத் தட்டினால் கிளஸ்டரில் ஸ்பார்க் வேலை ஓட ஆரம்பிக்கணும். இதற்காகவே 2015-ல் வந்த ஸ்பார்க் 1.4 பதிப்பில் ஸ்பார்க்லாஞ்சர் என்ற ஜாவா கிளாஸைச் சேர்த்தார்கள். ஜார் ஃபைல், மெயின் கிளாஸ், மாஸ்டர், மெமரி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி ஒரு மெத்தடைக் கூப்பிட்டால் வேலை முடிஞ்சது. பார்க்க சுத்தமான கோட். என் குறையே அந்தச் சுத்தத்தின் மேல்தான்.

உள்ளே நடப்பது வேறு. அது ஸ்பார்க்-சப்மிட் ஸ்கிரிப்டைத் தனிப் பிராசஸாக ஓட்டுகிறது. 'லாஞ்ச்' மெத்தட் அந்தப் பிராசஸை அப்படியே நம் கையில் கொடுத்துவிடும். அதன் அவுட்புட்டை யாரும் படிக்காவிட்டால் பைப் நிரம்பி (லினக்ஸில் வழக்கமாக 64 கேபி) வேலை அசையாமல் நிற்கும். எர்ரரும் வராது. 1.6-ல் வந்த 'ஸ்டார்ட்அப்ளிகேஷன்' அவுட்புட்டை லாக்கிற்குத் திருப்பிவிட்டு, ஒரு ஹேண்டிலையும் தந்தது.

ஹேண்டில் என்றதும் கடிவாளம் கிடைத்த மாதிரி தோணும். நிலை கேட்கலாம், 'ஸ்டாப்' சொல்லலாம், 'கில்' பண்ணலாம். ஆனால் யார்ன் கிளஸ்டர் மோடில் டிரைவர் ஓடுவது வேறு மெஷினில். 'கில்' கொல்வது நம் பக்கத்துப் பிராசஸை. கிளஸ்டரில் உள்ள வேலை செத்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலில் 'ஸ்டாப்' முயற்சி செய்யுங்கள் என்று ஆவணமே சொல்கிறது. அதைவிட மோசம், புது வெர்ஷன் போட நம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஹேண்டில் போச்சு. அப்ளிகேஷன் ஐடியைக் கொடுத்து அதைத் திரும்பப் பெற வழியே வைக்கவில்லை. திரையில் நிலை தெரியாத பயனர் பட்டனை மறுபடி தட்டுவார். இரண்டு வேலைகள் ஒரே டேபிளில் எழுதும். நாளைய கணக்கில் விற்பனை இரட்டிப்பாகத் தெரியும்.

2018-ல் 2.3 பதிப்பில் வந்த இன்பிராசஸ்லாஞ்சர் தனிப் பிராசஸை ஒழித்தது. ஹேண்டில் இன்னும் நம் மெமரியில்தான். 2023-ல் 3.4-உடன் வந்த ஸ்பார்க் கனெக்ட், ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குக் குவெரி அனுப்பத்தான். ஒரு முழு ஜாரைக் கிளஸ்டரில் ஏற்றிவிடும் இந்த வேலைக்கு அது பதில் இல்லை.

அதனால் ஸ்பார்க்லாஞ்சரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹேண்டிலை நம்பவேண்டாம் என்பேன். பார்சல் ஆபீசில் ரசீது வாங்குவோமே, அதுமாதிரி வேலையை அனுப்பும் முன்பே நம் கோரிக்கை எண்ணை டேட்டாபேஸில் எழுதுங்கள். அதையே ஸ்பார்க்.யார்ன்.டேக்ஸ் செட்டிங்கிலும் கொடுங்கள். அப்ளிகேஷன் ஐடி வர நேரமாகலாம். அதுவரை 'நல்'தான் கிடைக்கும். இடையில் சர்வர் விழுந்தாலும், அந்த டேக்கை வைத்து யார்ன் ரிசோர்ஸ் மேனேஜரிடமே கேட்கலாம்: இந்த வேலை உயிரோடு இருக்கா? பதில் வந்தபிறகு பட்டனைத் திறந்தால் போதும்.