சொஜர்னர் ட்ரூத்: பேசியதும் பேசவைக்கப்பட்டதும்

கறுப்பினப் பெண்களின் சாதனைகளைப் பட்டியல் போடும் நூல்களில் சொஜர்னர் ட்ரூத்தின் பெயர் தவறாமல் வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: 'நான் பெண்ணில்லையா?' 1851 மே மாதம் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் எழுந்து நின்று இப்படிக் கேட்டதாகச் சொல்வார்கள். கேட்டார் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. சங்கடம் இங்கிருந்து தொடங்குகிறது.

நம்முன் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, மாநாடு முடிந்த சில வாரங்களில், 1851 ஜூன் 21 அன்று, அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகையொன்றில் மாரியஸ் ராபின்சன் வெளியிட்டது. அவர் மாநாட்டின் செயலராக இருந்தவர், ட்ரூத்தின் நண்பர். இந்தப் பிரதியில் ட்ரூத் நேரான மொழியில் பேசுகிறார். ஆண் செய்யும் வேலையெல்லாம் தானும் செய்ததைச் சொல்லி வாதாடுகிறார். அந்தப் புகழ்பெற்ற கேள்வி மட்டும் ஓரிடத்திலும் இல்லை. இன்னொன்று, மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ் 12 வருஷம் கழித்து, 1863 ஏப்ரலில் எழுதியது. இதில் அந்தக் கேள்வி பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வருகிறது. தென்மாநிலத் தோட்ட அடிமைகளின் கொச்சை என்று வெள்ளையர் எழுதிப் பழகிய பேச்சும் வருகிறது. பதின்மூன்று பிள்ளைகள் பெற்றேன் என்கிறாள் இந்த ட்ரூத். நிஜ ட்ரூத் பெற்றது ஐந்து.

இதைவிட முக்கியம் அந்தக் கொச்சைதான். ட்ரூத் தெற்கைச் சேர்ந்தவரே அல்ல. 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் பகுதியில் டச்சுக்காரக் குடும்பமொன்றின் அடிமையாகப் பிறந்தவர். முதலில் பேசியது டச்சு. ஒன்பது வயது வாக்கில் ஆங்கிலம் பேசும் எஜமானனிடம் விற்கப்பட்டு, சொன்னது புரியாமல் அடி வாங்கினார். அவர் வாயில் தெற்கத்திப் பேச்சு எப்படி வந்தது? அடிமை எப்படிப் பேசுவாள் என்று வாசகருக்கு முன்பே தெரியும். அதற்கேற்ப அவரைப் பேசவைத்துவிட்டார்கள். கேஜ் எதிரி இல்லை, தோழி. அங்கேதான் விஷயம் இருக்கிறது. அதே ஏப்ரலில் வெளியான கட்டுரையொன்றில், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், ட்ரூத்தை ஆப்பிரிக்காவில் பிறந்தவராக்கினார், போதாததற்குச் செத்துப்போனவராகவும் ஆக்கினார். ட்ரூத் அதற்குப் பிறகு இருபது வருஷம், 1883வரை, உயிரோடிருந்து கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தார்!

சரி, யாரும் அவர் வாயில் திணிக்காத காரியம் என்ன இருக்கிறது? 1826இல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஜமானன் வீட்டைவிட்டு நடந்தே வெளியேறினார். மகன் பீட்டரை மாநிலம் கடத்தி அலபாமாவுக்கு விற்றுவிட்டார்கள். நியூயார்க் சட்டப்படி அது குற்றம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் கோர்ட் படியேறி, 1828இல் பிள்ளையை மீட்டார். உடம்பெல்லாம் தழும்போடு அவன் வந்து சேர்ந்தான். வழக்கின் காகிதங்கள் மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது 2022இல்தான்.

அப்புறம் அந்தப் புகைப்படங்கள். கண்ணாடி, சால்வை, கையில் பின்னல் வேலை, நிமிர்ந்த உட்காரல். காயம், தழும்பு, கண்ணீர் எதுவும் கிடையாது. நிழலை விற்று நிஜத்தைக் காப்பாற்றுகிறேன் என்ற பொருளில் கீழே ஒரு வாசகம். கூட்டங்களில் இவற்றை விற்றுத்தான் பிழைத்தார். 1864இல் இவற்றின் பதிப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்தார். ஏலத்தில் விற்கப்பட்டவர் தன் உருவத்துக்குத் தானே உரிமையாளரானார். கேஜின் கொச்சை பேசும் பெண்ணை இந்தப் படத்தில் தேடிப்பாருங்கள், கிடைக்கமாட்டாள்.

கேள்வியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. 1981இல் பெல் ஹூக்ஸ் தன் நூலுக்கு அதையே தலைப்பாக்கினார், கறுப்புப் பெண்ணியத்துக்கு அது ஆயுதமாகப் பயன்பட்டிருக்கிறது. நெல் பெயின்டர் 1996இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அது கேஜின் கைவேலை என்று எடுத்துச் சொன்ன பிறகும் கேள்வி சாகவில்லை. இயக்கத்துக்குக் குறியீடு தேவை, யார் எழுதினால் என்ன என்பார்கள் சிலர். ட்ரூத்துக்கு அந்தக் குறியீடு தேவைப்பட்டதா என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. ராபின்சனும் வெள்ளையர்தான், அவர் எழுதியதும் அவர் காதில் விழுந்த அளவுதான். ஆனாலும் அடுத்த முறை மேடையில் படிக்கிறவர்கள் ராபின்சன் பிரதியைப் படிக்கட்டும். பட்டியல் போடுகிறவர்கள் 1851க்குப் பக்கத்தில் 1828ஐயும் 1864ஐயும் எழுதட்டும்.