தோற்கத் தெரிந்த பயில்வான்

குஸ்தியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் முகம் சுளிக்கிற வாசகர்கள் இருப்பார்கள். கதையைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் எழுதுகிறவனுக்கு இந்த வேண்டாத வேலை எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் இதைத் தேடிக்கொண்டு போகவில்லை. மல்லியும் மிளகும் வாங்குவதற்காகப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனேன். போன இடத்தில் ஒரு மளிகைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, கடைக்காரரின் கைபேசியில் ஒரு மணி நேரம் குஸ்தி பார்த்துவிட்டு வந்தேன். எதிரே கொல்லிமலை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்திருந்தால் ஓரியைப் பற்றி ஏதாவது கௌரவமாக எழுதியிருக்கலாம்.

கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது, டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுவதும் கண் விழித்துப் பார்த்த காட்சியாம் அது. இப்போது மறுபடியும் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, இதெல்லாம் பொய்யின்னு எம் பையன் சொல்றானுங்க. பொய்யுங்களா?"

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

அவர் காட்டிய காட்சி 1987-ம் வருஷம் மார்ச் 29-ந் தேதி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகரில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியா. பன்னிரண்டு குஸ்திகள். சில்வர்டோம் என்ற பிரம்மாண்டமான அரங்கத்தில் 93,173 பேர் கூடினார்கள் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாமல் இன்றுவரை சண்டை போடுகிறவர்களும் உண்டு. குஸ்தியே பொய் என்கிறபோது தலைக்கணக்கு மட்டும் எப்படி மெய்யாக இருக்கும் என்று விட்டுவிடலாம்.

விஷயம் தெரிந்தவர்கள் அன்றைய தினத்தில் சிறந்ததாகச் சொல்வது ராண்டி ஸாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதைத்தான். பதினைந்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. ஸாவேஜ் ஒவ்வொரு பிடியையும் முன்கூட்டியே எழுதி வைத்து, ஸ்டீம்போட்டை மனப்பாடம் செய்ய வைத்து, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகுதான் மேடை ஏறினாராம். பார்த்தால் தெரிகிறது. ஓர் அசைவு வீண் இல்லை. 'முடிந்தது' என்று நினைக்கிற இடத்திலெல்லாம் மூன்று எண்ணுவதற்குள் ஒரு தோள் எழும்பிவிடுகிறது. போட்டியில் முதல் பரிசு வாங்குகிற சிறுகதையைப் போல இருக்கிறது. பரிசு வாங்கிய சிறுகதைகளைப் போலவே, மறுநாள் அதில் என்ன நடந்தது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் அதை நடுவிலேயே தள்ளிவிட்டுக் கடைசிக் குஸ்திக்குப் போனார். ஹல்க் ஹோகனும் ராட்சத ஆந்திரேயும். குஸ்தி என்று பார்த்தால் இது மிகவும் மட்டம். ஆந்திரே நகரவே மாட்டேன் என்கிறார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹோகனை இடுப்போடு கட்டிக்கொண்டு நிமிஷக் கணக்கில் அப்படியே நிற்கிறார். ஆரம்பத்திலேயே ஹோகன் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் அவருக்கு அடியிலேயே விழுந்து, ஒரு மயிரிழையில் தப்புகிறார். சுமார் பன்னிரண்டு நிமிஷம் இப்படி இழுத்த பிறகு, ஹோகன் அவரைத் தூக்குகிறார். ஒரே ஒரு தடவை. தூக்கித் தரையில் போட்டு, காலால் ஒரு வெட்டு வெட்டி, மேலே விழுந்து அமுக்குகிறார். மூன்று எண்ணி முடிகிறது.

ஆந்திரேயின் எடை 520 பவுண்டு என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நம் கணக்கில் 236 கிலோ. "நாப்பது கிலோ மல்லி மூட்டை ஆறு வருமுங்க" என்றார் கடைக்காரர், சட்டென்று. மூட்டை தூக்கிப் பழகியவர் ரசிப்பதற்கும் நான் ரசிப்பதற்கும் அங்கேதான் வித்தியாசம். தூக்கிய கணத்தில் அவர் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் கதையைக் கட்டியவர்கள் கூச்சமில்லாத ஆசாமிகள். பதினைந்து வருஷமாக ஆந்திரே தோற்றதே இல்லை, அவரை யாரும் தூக்கிப் போட்டதே இல்லை என்று பறை சாற்றினார்கள். உண்மை என்னவென்றால், 1980-ல் நியூயார்க் ஷேய் மைதானத்தில் இதே ஹோகன் இதே ஆந்திரேயைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அப்போது ஹோகன் வில்லன், ஆந்திரே கதாநாயகன். முடிவில் ஜயித்தவரும் ஆந்திரேதான். ஏழே வருஷத்தில் பாத்திரங்களை அப்படியே புரட்டிப் போட்டுவிட்டு, முந்தின அத்தியாயத்தை மறந்துவிடுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். ரசிகர்களும் மறந்தார்கள். தொடர்கதை எழுதுகிற எங்களுக்குக் கூட இந்தத் தைரியம் வராது. பகைக்குச் சொன்ன காரணமோ, ஹோகனுக்குக் கொடுத்த கோப்பையைவிட ஆந்திரேக்குக் கொடுத்தது சிறியதாக இருந்தது என்பதுதான். சிரிக்க வேண்டாம். நம் குடும்பங்களில் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்று போனதற்கு இதைவிடப் பெரிய காரணங்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பொய் இதோடு சரி. மிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஆந்திரேக்கு எலும்பு நிற்காமல் வளர்ந்துகொண்டே போகிற வியாதி. முந்தின வருஷம்தான் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அன்று கறுப்பு உடைக்குள்ளே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு அர்த்தம் இப்போது புரிகிறதல்லவா? அவர் சம்மதிக்காவிட்டால் உலகத்தில் எந்த ஹோகனாலும் அவரைத் தூக்க முடியாது. சம்மதித்தாலும் விழப்போவது அந்த முதுகுதான். யார் ஜயிப்பார் என்பது முன்னாலேயே தீர்மானமான விஷயம். வலி யாரும் தீர்மானித்ததல்ல. 1993-ல், தகப்பனாரின் இறுதிச் சடங்குக்காகப் போன இடத்தில், பாரீஸ் ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார். வயது நாற்பத்தாறு. அவரைத் தூக்கிப் போட்ட ஹோகனும் 2025 ஜூலையில் காலமாகிவிட்டார். ஹோகன் பின்னாளில் அந்தக் குஸ்தியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ஆந்திரேயின் எடை ஏறிக்கொண்டே போனது. அதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

பிரெஞ்சு விமரிசகர் ரோலான் பார்த், 1957-ல் வெளிவந்த தம் புத்தகத்தை மல்யுத்தத்தைப் பற்றிய கட்டுரையுடன்தான் தொடங்கினார். அது விளையாட்டல்ல, காட்சி என்பது அவர் கட்சி. நமக்கு இதைச் சொல்லப் பாரீஸிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. விடிய விடியக் கூத்துப் பார்க்கிற கிழவிக்குத் துரியோதனன் சாகப் போவது தெரியாதா? தொடை பிளந்து விழும்போது அழத்தானே அழுகிறாள்! ஆந்திரேக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற பாபி ஹீனான் என்ற மானேஜரைப் பார்த்தபோது எனக்குக் கட்டியங்காரன் ஞாபகம்தான் வந்தது. 1989-ல் அந்தக் கம்பெனியே நியூ ஜெர்ஸி செனட் சபையில் இது போட்டியல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. உண்மையின் மேல் வந்த திடீர்ப் பக்தி ஒன்றுமில்லை; மாநிலத்துக் கண்காணிப்பிலிருந்தும் அதன் செலவிலிருந்தும் தப்புகிற யோசனை. ஒப்புக்கொண்ட பிறகும் கூட்டம் குறையவில்லை.

நம் பக்கத்துக் குஸ்தி என்றால் தாரா சிங். கிங் காங்கும் அவரும் மோதியதைப் பற்றிப் பேசாத தாத்தாக்கள் எங்கள் ஊரில் இல்லை. இன்றைக்கும் யாராவது மார்பை நிமிர்த்தினால் "பெரிய தாரா சிங்கோ?" என்று கேட்கிறோம். 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்றார். 1983-ல் டில்லியில் தம் கடைசிப் போட்டியை நடத்தி, அதிலும் தாமே ஜயித்து, ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது வயது ஐம்பத்து நான்கு. ஜனாதிபதி ஜெயில் சிங் கையால் வெற்றிக் கோப்பை வாங்கிக்கொண்டார்.

தாரா சிங்கிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தக் கடைசி அத்தியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகன் ஜயித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டால் கதை எங்கே போய் நிற்கும்? ஒரு இளைஞனுக்கு அன்று அவர் தோற்றிருந்தால், மறுநாள் நாடு முழுவதும் அந்த இளைஞனின் பெயர் தெரிந்திருக்கும். அது நடக்கவில்லை. 2006-ல் காளி என்ற நெட்டைப் பயில்வான் அமெரிக்க மேடையில் ஏறும் வரையில், குஸ்திக்காரர் என்று நம் வீட்டுக் குழந்தைகள் சொன்ன பெயர்களெல்லாம் வெளிநாட்டுப் பெயர்களாகவே இருந்தன. ஆந்திரே செய்ததைத் தாரா சிங் செய்யவில்லை என்பதுதான் என் புகார்.

இப்படித் தீர்ப்பு எழுதி முடித்த பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. பாண்டியாக் குஸ்தி நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வருஷம் நம் நாட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். எல்லோரும் டெலிவிஷனில் ராமாயணம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தொடரில் அனுமனாக வந்தவர் தாரா சிங். தம்மைவிட வயதில் மிகவும் சின்னவரான ராமன் காலடியில், லூ தெஸ்ஸை வென்ற அந்த மனுஷர், கை கட்டி உட்கார்ந்தார். டில்லியில் எழுதாமல் விட்ட அத்தியாயத்தை அங்கேதான் எழுதினாரோ என்னவோ! நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். பதினெட்டு அடி உயரம், தலைக்கு மேல் கூரை கூட இல்லை, நரசிம்மரைப் பார்த்துக் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

கடைக்காரருக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது ஞாபகம் வருகிறது. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஹோகன் கூத்தாடுவதைப் பார்க்காமல், தோற்ற ஆந்திரேயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற இடத்துக்குக் காட்சியைத் தள்ளினார். ஜனங்கள் கூச்சல் போட, அந்த ராட்சதர் யாரையும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

"பாவமுங்க" என்றார். பிறகு தராசில் என் மிளகைக் கொட்டினார்.