சிறுதிரையும் தமிழ் வினைமுற்றும்

கணினித் தமிழ் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் கலைச்சொல்லோடு நின்றுவிடுகின்றன. ‘செற்றிங்ஸ்’ என்பதற்கு ‘அமைப்புகள்’ பொருத்தமா, ‘அமைவுகள்’ பொருத்தமா என்ற வாதம் நீள, அச்சொல் சென்றமரும் இடம் எவ்வளவு என்னும் வினா எழுவதேயில்லை. இரணைமடுக் குளத்து நீரால் விளையும் வட்டக்கச்சியிலே கைத்தொலைபேசியே முதற் கணினியாக வாய்த்தவர் பலர். அத்தகைய ஒருவர் தொலைபேசியைத் தமிழுக்கு மாற்றி, கண்பார்வைக்கேற்ப எழுத்தையும் பெரிதாக்கினால், சொற்றொடர்கள் பாதியில் முறிந்து மூன்று புள்ளிகளாகிவிடுதல் அரிதன்று.

இடநெருக்கடி புதியதன்று. விண்டோஸ் எக்ஸ்பி (2001) ஆகக் குறைந்தது 800×600 புள்ளிகளை வேண்டியது. 2007 இல் வந்த ஆசூஸ் ஈ பிசி 701 என்னும் சிறு மடிக்கணினியின் திரையோ 800×480. அதிலே பல உரையாடற் பெட்டிகளின் ‘சரி’ப் பொத்தான் திரைக்குக் கீழே மறைந்தது. லினக்ஸில் ஒரு விசையை அழுத்தியபடி பெட்டியை மேலே இழுத்தே அதனை எட்ட வேண்டியிருந்தது.

ஆயின் தமிழுக்கு நேரும் இடர் நீளம் மட்டுமன்று. 10 எழுத்துக்குட்பட்ட ஆங்கிலத் தொடர் மொழிமாற்றத்தில் 200 முதல் 300 சதவீதமாக விரியக்கூடும் என்கிறது ஐ.பி.எம். வழிகாட்டி. இது எல்லா மொழிக்கும் பொது. தமிழிலோ வினை இறுதியில் வருவது. ‘எல்லாத் தரவுகளையும் சேமி’, ‘எல்லாத் தரவுகளையும் அழி’ என்னும் இரண்டும் வெட்டுண்டால் ‘எல்லாத் தரவுகளையும்…’ என்ற ஒன்றேயாகி நிற்கும். ஆங்கிலத்தில் ஏவல்வினை முன்னிற்பதால், வெட்டு விழினும் செயல் பிழைத்துக்கொள்ளும். வாலை நறுக்கும் இவ்வழக்கம் ஆங்கிலத் தொடரமைப்பை மனத்திற்கொண்டு பிறந்தது எனலாம்.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்திலும் குறையுண்டு. ‘சேமி’ போதுமான இடத்தில் ‘சேமிக்கவும்’ என எழுதுகின்றனர். பொத்தானிலுள்ளது பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. இயந்திரத்துக்கு மரியாதை எதற்கு? எனினும் சுருக்குதலால் எல்லாம் தீராது. ‘கான்சல்’ என்பதற்குரிய ‘இரத்துச்செய்’யை இன்னும் எவ்வளவு நறுக்குவது?

எனவே பெட்டியே மாறவேண்டும். தலைப்புச் சொல் கட்டத்தின் இடப்புறத்தில் அன்றி மேலே அமையட்டும். தேவையானால் இரண்டு வரிகளாக மடியட்டும். வரியுயரமும் மேலேயுள்ள புள்ளிக்கும், ‘சு’, ‘பு’ முதலியவற்றின் கீழிறங்கும் கோட்டுக்கும் இடந்தருதல் வேண்டும். உள்ளடக்கம் உருள, பொத்தான்கள் அடியில் அசையாது நிற்றல் நன்று. பக்கங்களாகப் பிரிப்பதும் ஒரு வழியே. ஆனால் மூன்றாம் பக்கத்துக்குள் நுழைந்தவர்க்கு வந்த வழி மறந்துபோகும்.

‘சரி’யே வேண்டாம், தொட்டவுடன் மாற்றம் நிகழட்டும் என்பாரும் உளர். ஒலியளவுக்கு அது பொருந்தும். அழித்தற் கட்டளைக்குப் பொருந்தாது. அங்கே கேள்வி கேட்கும் பெட்டி வேண்டும். அதிலே ‘அழி’ என்ற சொல் முழுதாகத் தெரிதலும் வேண்டும்.