அறுபது கேள்வி, எட்டு நிமிடம்

எம்.எஸ்சி. உளவியல் முடித்த பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், ‘பிஎச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்’ என்ற பதில் உடனே வருகிறது. எதற்கு என்று கேட்டால்தான் தயக்கம். கவுன்சிலிங் செய்யலாம், காலேஜில் வேலை கிடைக்கும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். சுற்றி வளைத்து இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்பார்கள். தன்னைக் குடையும் கேள்வி ஒன்று இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதல் காரணம் நிற்காது. கவுன்சிலர் என்று போர்டு மாட்ட இங்கே யாரும் பிஎச்.டி. கேட்பதில்லை, மருத்துவ உளவியலாளராக இயங்க வெறும் பிஎச்.டி. போதாது. அதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மன்றம் ஏற்ற தகுதியையோ மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பையோதான் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 வரை தவணை தந்தது. இந்தக் குழப்பத்தில் எம்.ஃபில். இடம் கிடைக்காதவர்கள் பிஎச்.டி.யைக் கொல்லைப்புற வாசலாக நினைத்து நுழைகிறார்கள். அந்த வாசல் நூலகத்தில் கொண்டுபோய் விடும், வார்டில் விடாது.

வேலைக் கணக்கும் மாறிவிட்டது. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியராக வேண்டுமானால் தேவை. ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாங்காதவர் பகலில் தனியார் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ராத்திரியில் அத்தியாயம் எழுதுகிறார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆக, மிஞ்சுவது அறிவுக்கணக்கு. அதைத்தான் கறாராகப் பார்க்க வேண்டும்.

இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் புரட்டினால் ஒரு அச்சு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: இன்ன மாவட்டக் கல்லூரி மாணவர்களிடையே உணர்வுசார் நுண்ணறிவும் மன அழுத்தமும். முன்னூறு சாம்பிள், இரண்டு மூன்று வினாத்தாள், ஒரே தடவை சேகரிப்பு. ஒரு கல்லூரியில் அந்தச் சேகரிப்பை அருகிலிருந்து பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். அறுபது கேள்விகள் கொண்ட தாள். கடைசி பெஞ்சுப் பையன் எட்டாவது நிமிடத்தில் எழுந்து வந்தான். முதல் பக்கத்தில் டிக் எல்லாம் மூன்றாவது கட்டத்திலேயே நேர்கோடாக இறங்கியிருந்தன. தாளை நீட்டியவன் கேட்டது ஒன்றுதான்: “மேடம், அட்டெண்டன்ஸ் உண்டுல்ல?”

அந்தத் தாளும் கணினிக்குள் போகும். ஆணா பெண்ணா, நகரமா கிராமமா, கூட்டுக் குடும்பமா, எத்தனையாவது பிள்ளை என்று பிரித்துப் பிரித்து ஒப்பிடுவார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது ஒப்பீடுகளை வழக்கமான 0.05 அளவுகோலில் செய்தால், எந்த வேறுபாடுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது தற்செயலாகத் தேறிவிட 64 சதவீத வாய்ப்பு உண்டு. தேறியதற்கு ஒரு அத்தியாயம் எழுதிவிடலாம்.

இது நம்மூர் நோய் மட்டுமல்ல. பெரிய இதழ்களில் வந்த நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவுகள் 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. முதல்முறை 97 சதவீதம் தேறியிருந்தன, மறுமுறை 36 சதவீதமே தேறின. நெதர்லாந்தில் டீடரிக் ஸ்டாப்பெல் என்ற நட்சத்திரப் பேராசிரியர் தரவுகளைக் கற்பனையில் தயாரித்து மாணவர்களிடமே கொடுத்திருந்தது 2011இல் அம்பலமானது. அந்தப் பொய்த் தரவின் மேல் ஆய்வேடு எழுதிப் பட்டமும் வாங்கியிருந்தார்கள். மாட்டிவிட்டவர்களும் இளம் ஆய்வாளர்களே. அந்தத் துணிச்சலுக்கு ஒரு பட்டம் தனியாகக் கொடுத்திருக்கலாம்.

நம் சிக்கலுக்கு இன்னொரு அடுக்கு உண்டு: மொழி. மனச்சோர்வை அளக்க லெனோர் ராட்லாஃப் 1977இல் வெளியிட்ட இருபது கேள்வி அளவுகோல் அமெரிக்கப் பொதுமக்களுக்காக உருவானது. அதில் சோகத்தை நீல நிறத்தால் சொல்லும் மரபுத்தொடர் ஒன்று வருகிறது. தமிழில் நீலத்துக்கும் சோகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘சோகமாக இருந்தது’ என்று போட்டால் பொருள் வரும். ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் நிலையை அப்படியா சொல்வார்? நெஞ்சு கனக்குது, எதுலயும் மனசு ஒட்டல, கைகால் ஓய்ஞ்சு வருது என்பார். அந்தச் சொற்களைத் திரட்டி, எவை சோர்வின் அடையாளம், எவை வெறும் உடம்பு அலுப்பு என்று பிரித்து, ஓர் அளவுகோல் கட்டுவதே மூன்று வருட வேலை. ‘ஏற்கெனவே வேலிடேட் ஆன டூலையே எடுத்துக்கோங்க’ என்று கைடு சொல்வதோடு பல இடங்களில் அந்த வேலை செத்துவிடுகிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. சென்னையில் 1981 வாக்கில் மனச்சிதைவு நோயின் தொடக்கத்தில் இருந்த 90 பேரை எடுத்துக்கொண்டு, டாக்டர் தாராவும் குழுவினரும் 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வேலை, திருமணம் எல்லாம் கணக்கில் வந்தன. அது மனநல மருத்துவர்களின் ஆய்வு. ஆறு ஆண்டு உச்சவரம்புள்ள பிஎச்.டி.யில் செய்ய முடியாததும்கூட. ஆனால் 90 பேரைத் தொடர்ந்து பார்ப்பது, முன்னூறு தாள்களை ஒரு பீரியடில் வாரிக்கொள்வதைவிட எவ்வளவு கனமானது என்பதற்குச் சான்று.

விதிகளையே குற்றம் சொல்லவும் மாட்டேன். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறை எடுத்துவிட்டது நல்ல காரியம். காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் இதழ்களுக்கு ஒரு வரும்படி குறைந்தது. அதே விதிப்படி பேராசிரியர் ஒருவர் எட்டு ஸ்காலர் வரை வைத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரின் தரவையும் அவர் கண்ணால் பார்க்கிறாரா என்பது விதியில் அடங்காது.

என் தீர்ப்பு இதுதான். நோயாளிகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர் இந்தப் பட்டத்தை விட்டுவிட வேண்டும். வேலைக்காக வருகிறவர் முதலில் நெட் எழுதட்டும். கேள்வியோடு வருகிறவர் சேரலாம், ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து அல்ல. கைடிடம் போய், உங்கள் கடைசி ஸ்காலரின் மூலத் தரவைப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். முகம் சுளித்தால் வேறு கைடு.

ஒரு வைவாவில் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அட்டவணைகளை எல்லாம் பாராட்டிவிட்டு, “இந்தத் தாளை நிரப்பினவங்கள்ல ஒருத்தரோடயாவது உட்கார்ந்து பேசினீங்களாம்மா?” என்று கேட்டார். அந்தப் பெண் கைடைப் பார்த்தார். கைடு கடிகாரத்தைப் பார்த்தார். பின்கதவு திறந்து டீயும் சமோசாவும் வந்தன.